ஒரே ஒரு பொருளுக்காக: விசித்திர அருங்காட்சியகங்களுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

மொரிசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில், கோடான் கடற்கரை வளாகத்தில் இருக்கும் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில், 1847ஆம் ஆண்டைச் சேர்ந்த இரண்டு தபால்தலைகளுக்கு ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடங்கள்தாம் விளக்குப் போடுகிறார்கள். ஒவ்வொரு மணியிலும் இருபத்தைந்தாவது நிமிடத்தில் விளக்கு எரியும்; முப்பத்தைந்தாவது நிமிடத்தில் அணைந்துவிடும். மீதி நேரத்தில் பார்க்கக் கிடைப்பவை நகல்கள். ரோஸ் ஹில்லில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான் இதை நன்றாக அறிந்திருந்தும், மதுரையிலிருந்து வந்திருந்த நண்பரின் தாயாரை அழைத்துக்கொண்டு 11:40 மணிக்கு அங்கே போய் நின்றேன். நகலைப் பார்த்த அந்த அம்மா, "இதை நம்ம ஊர் தபாலாபீசுலயே பாத்திருக்கலாமே, தம்பி" என்றார். 12:25 வரை காத்திருந்தோம்.

பிழை முழுக்க என்னுடையது. பெரிய அருங்காட்சியகத்தில் ஒன்றைத் தவறவிட்டால் பார்ப்பதற்கு இன்னும் நூறு இருக்கும். விசித்திரமான சிறிய அருங்காட்சியகமோ பெரும்பாலும் ஒரே ஒரு பொருளை நம்பி நிற்கிறது. அந்தப் பொருளுக்கு ஏற்ற நேரத்தில் நாம்தான் போய்ச் சேர வேண்டும். உலகத்தைச் சுற்றும்போது இத்தகைய இடங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, நான் வாழும் இந்தத் தீவையே பயிற்சிக்களமாக வைத்துக்கொண்டு இங்கே சொல்கிறேன்.

பொருளின் பெயரை எழுதுங்கள்

பயணத் திட்டம் போடும்போது அருங்காட்சியகத்தின் பெயரை எழுதுவதற்கு முன், அங்கே எந்தப் பொருளைப் பார்க்கப் போகிறீர்களோ அதன் பெயரை எழுதுங்கள். டோக்கியோவின் மெகுரோ ஒட்டுண்ணி அருங்காட்சியகம் என்றால் "8.8 மீட்டர் நீள நாடாப்புழு" என்று எழுதலாம். 1953இல் ஒரு மருத்துவர் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில், புழுவின் அருகிலேயே அதே நீளத்தில் ஒரு நாடாவைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைக் கையில் பிடித்து இழுத்துப் பார்க்கும்போதுதான் 8.8 மீட்டர் என்ற எண் வயிற்றைக் கலக்கும். குரோவேஷியாவின் ஜாக்ரெப் நகரில் முறிந்த உறவுகளுக்கென்று 2010 முதல் நிலையாக இயங்கிவரும் அருங்காட்சியகம் என்றால் "கோடரி" என்று எழுதலாம். விட்டுப்போன துணையின் மரச்சாமான்களை நாளுக்கு ஒன்றாகப் பிளந்து தள்ளப் பயன்பட்ட கோடரி அது, பெர்லினிலிருந்து வந்தது. தில்லியில் 1992இல் சுலப் அமைப்பு நிறுவிய கழிப்பறை அருங்காட்சியகம் என்றால், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அரியணையிலேயே வைத்திருந்த கழிப்பிருக்கையின் மாதிரி.

இப்படி ஒரு வரி எழுத வரவில்லையென்றால் அந்த இடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம். சுற்றுலா நகரங்களில் இப்போது "அருங்காட்சியகம்" என்ற பெயர்ப்பலகையோடு கண்ணாடி அறைகளும், செல்பி எடுப்பதற்கென்றே வரைந்த சுவர்களும் பெருகிவிட்டன. குழந்தைகளுக்கு அவை பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வகை அவையல்ல. நான் வைத்திருக்கும் உரைகல் எளியது: இந்தப் பொருள்களுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பிடிவாதமோ, ஓர் ஊருக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியோ இருக்கிறதா? இருந்தால் அறை சிறியதாக இருந்தாலும் போகலாம்.

கதவும் விளக்கும் எப்போது திறக்கும்

அடுத்தது நேரம். இதில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. நான்கு செய்திகளைத் தனித்தனியாகக் கேட்டறிய வேண்டும். வார விடுமுறை எந்த நாள், கடைசி நுழைவு எத்தனை மணிக்கு, அந்த முக்கியப் பொருளைக் காட்டுவதற்குத் தனி நேரம் உண்டா, தனியாகப் போய்ப் பார்க்கலாமா அல்லது வழிகாட்டியோடுதான் விடுவார்களா என்பவை அவை. வார விடுமுறை ஊருக்கு ஊர் மாறும். பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். மெகுரோவில் திங்களும் செவ்வாயும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அரசுத் துறையினர் நடத்தும் இடங்களில் அது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

உள்ளூர்ப் பண்டிகைகளையும் பாருங்கள். மொரிசியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை. தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் காவடி பார்க்க வருகிறவர்கள், காலையில் கோயில், மாலையில் அருங்காட்சியகம் என்று திட்டம் போட்டுவிட்டு, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். அந்த நாளை முழுக்க முருகனுக்கே விட்டுவிடுவது நல்லது.

குடும்பத்தினர் நடத்தும் சிறு இடங்களுக்கு இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் பேசிவிடுங்கள். தீவின் தென்கிழக்கே மாயெபூர் ஊரை ஒட்டி 1870 முதல் மரவள்ளிக் கிழங்கு பிஸ்கட் செய்துவரும் ரோ குடும்பத்தின் பட்டறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது வேலை நடக்கும் இடம். ஆள்கள் கிழங்கு மாவைச் சலித்து அச்சில் இட்டுச் சுடுவதைப் பார்ப்பதுதான் அங்கே காட்சி. வேலை இல்லாத நேரத்தில் போனால் வெறும் அடுப்பைத்தான் பார்த்து வர வேண்டியிருக்கும்.

கதையை வீட்டிலேயே படித்துவிடுங்கள்

சிறு அருங்காட்சியகங்களில் விளக்கப் பலகைகள் குறைவு, இருப்பவையும் உள்ளூர் மொழியில் இருக்கலாம். ஆகவே முதல் நாள் இரவே அரை மணி நேரம் ஒதுக்கி, அந்தப் பொருளின் கதையைப் படித்துக்கொண்டு போங்கள். தபால்தலையையே எடுத்துக்கொள்வோம். 1847 செப்டம்பரில் மொரிசியஸ் தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது. ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட் என்பவர் செப்புத்தகட்டில் செதுக்க, ஒரு பென்னி, இரண்டு பென்னி என்ற இரண்டு வகையிலும் வகைக்கு 500 என அச்சிட்டார்கள். ஆளுநரின் மனைவி கோம் சீமாட்டி, தாம் நடத்திய நடன விருந்தின் அழைப்பிதழ்களை அனுப்ப அவற்றில் சிலவற்றைப் பயன்படுத்தினார். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை என அறியப்பட்டவை இரண்டு வகையும் சேர்த்து 27. அவற்றில் இரண்டை 1993இல் மொரிசியஸ் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு ஏலத்தில் வாங்கித் தீவுக்குத் திரும்பக் கொண்டுவந்தன. அருங்காட்சியகம் 2001இல் திறந்தது.

செதுக்கியவர் "போஸ்ட் பெய்டு" (கட்டணம் செலுத்தியாயிற்று) என்று எழுதுவதற்குப் பதிலாக மறதியில் "போஸ்ட் ஆபீஸ்" என்று எழுதிவிட்டார் என்ற கதையை வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். அது பிழை என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கதையைக் கேட்டு ரசிக்கலாம். ஊருக்குப் போய் உண்மை என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பத்து நிமிட விளக்குக்கும் காரணம் உண்டு. மையின் நிறத்தையும் காகிதத்தையும் ஒளி சிறிது சிறிதாக அரிக்கும்; அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகுமே தவிர, விளக்கை அணைத்தால் பழைய நிலை திரும்பாது. இதை அறிந்துகொண்டு போகிறவருக்குக் காத்திருப்பது பாரமாக இராது, ஏன் படம் எடுக்க விடுவதில்லை என்று காவலரிடம் வாதாடவும் தோன்றாது.

பை, பணம், பேச்சு

பெரிய பைகளை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சில இடங்களில் அதற்கு வசதியே இராது. தோளில் மாட்டும் சிறு பை ஒன்று போதும். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள், ஏனெனில் அட்டை வாங்காத சிறு இடங்கள் இன்னும் இருக்கின்றன. மொரிசியஸில் பல இடங்களில் குடியிருப்பவருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்கு வேறொரு கட்டணமும் இருப்பதால், இங்கே வசிப்பவர்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோவது நல்லது. பணம் கொடுக்கும் முன் நூறு ரூபாய்த் தாளை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கும். முகம், மொரிசியஸின் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனுடையது. 1998இல் புதிய தாள்களில் தமிழுக்கு இருந்த இடத்தை மாற்றியபோது எழுந்த எதிர்ப்பால் அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காத காட்சிப்பொருள் ஒன்று நம் கைக்குள்ளேயே இருக்கிறது.

காவலரிடம் பேசுங்கள். இங்கே எதைக் கேட்பதற்கும் முன்னால் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால் முரடர் என்று நினைப்பார்கள். சட்டையில் தமிழ்ப் பெயர் கண்டால் "வணக்கம்" என்று தொடங்கலாம். முகம் மலரும், பெரும்பாலும் அடுத்த வாக்கியம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் வரும். நாளெல்லாம் அந்த அறையிலேயே நிற்கும் அவரிடம், "வருகிறவர்கள் எதைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இதுவரை அந்தக் கேள்வி எனக்குப் பயன் தராமல் போனதில்லை.

முதலில் கண், பிறகு பலகை

உள்ளே போனதும் நேரே அந்தப் பொருளிடம் போய்விடுங்கள். மற்றவற்றைத் திரும்பி வரும்போது பார்க்கலாம். ஐந்து நிமிடம் பலகையைப் படிக்காமல் பொருளை மட்டும் பாருங்கள். போர்ட் லூயிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள டோடோ எலும்புக்கூட்டைக் கொண்டு இதைப் பழகலாம். முதலில் கண்ணில் படுவது முன்புறம் வளைந்த பருத்த அலகு. அதைத் தாண்டிக் கீழே வந்து மார்பைப் பாருங்கள். கோழிக்கறி சாப்பிடும்போது நெஞ்செலும்பின் நடுவே படகின் அடிப்பகுதிபோல ஒரு மேடு நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறகடிக்கும் தசை ஒட்டியிருக்கும் இடம் அது. புறா இனத்தைச் சேர்ந்த டோடோவுக்கு அந்த மேடு உடலின் பருமனுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குச் சிறுத்துப்போயிருக்கும். சிறகெலும்புகளும் அப்படியே. பறக்க மாட்டாத பறவை என்று பலகை சொல்வதை எலும்பே சொல்லிவிடுகிறது.

பிறகு பலகைக்கு வாருங்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன இந்தப் பறவைக்கு உலகின் பல அருங்காட்சியகங்களில் எலும்புக்கூடுகள் உண்டு. அவை பல பறவைகளின் எலும்புகளைக் கோத்து ஒன்றாக்கியவை. ஒரே பறவையின் எலும்புகளாலான எலும்புக்கூடு இது ஒன்றுதான். இதைக் கண்டெடுத்தவர் பேராசிரியரோ அரசு அதிகாரியோ இல்லை, எத்தியேன் திரியூ என்ற முடிதிருத்துநர். வேலை நேரம் போக மலைகளில் அலைந்து, 1904 வாக்கில் லெ பூஸ் மலைப் பகுதியில் இதைச் சேகரித்தார். நூற்றாண்டுக்குப் பிறகு இந்த எலும்புக்கூட்டை லேசர் கருவியால் வருடி ஆராய்ந்தவர்கள், டோடோவின் முழங்கால் சில்லு முதலாக அதுவரை யாரும் விவரிக்காத எலும்புகளை 2016இல் விவரித்தார்கள். நான் சொன்ன பிடிவாதம் இதுதான்.

திரியூ சேகரித்த இன்னொரு எலும்புக்கூடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகர மண்டபக் கட்டடத்தில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பல பறவைகளின் எலும்புகள் கலந்தது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் போய் இறங்கிய ஊர் டர்பன். உறவினரைப் பார்க்க அங்கே போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு பொருளைப் பின்தொடர்ந்து அடுத்த நாட்டுக்குப் போவதைப்போல நல்ல பயணத்திட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அங்கிருந்து ஈஸ்ட் லண்டன் நகரத்துக்குப் போனால், முற்றிலும் அழிந்துவிட்டது என்று அறிவியல் நம்பிக்கொண்டிருந்த சீலகாந்த் மீன் 1938இல் வலையில் சிக்கியபோது எடுத்து வைத்த முதல் மாதிரியைப் பார்க்கலாம். அதைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியவர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம்பெண். ஈஸ்ட் லண்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்.

முதலில் கண் என்ற முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் உண்மையில் அந்த மதுரை அம்மாதான். அன்று 12:25க்கு விளக்கு எரிந்தபோது நான் ஏலத் தொகையை விவரித்துக்கொண்டிருந்தேன். அவர் காதில் வாங்காமல் இரண்டு தபால்தலைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீலமா இருக்கறது ரெண்டு பென்னில்ல? ஒரு பென்னி ஆரஞ்சால்ல இருக்கு. அப்புறம் எதுக்கு நீலப் பென்னின்னு பேரு?" என்று கேட்டார். எத்தனையோ முறை போயிருந்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

நாக்கால் பார்க்கும் இடங்கள்

பாம்ப்ளமூஸில் இருக்கும் சர்க்கரை அருங்காட்சியகம், 1999இல் மூடிய போ பிளான் ஆலைக்குள்ளேயே 2002இல் தொடங்கியது. இயந்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றின் இடுக்கில் ஏறி இறங்கித்தான் கரும்பின் வரலாற்றையும், அடிமைகளின் வரலாற்றையும், அவர்களுக்குப் பின் வந்த நம்மவர்களின் வரலாற்றையும் படிக்க வேண்டும். இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இறுதியில் சுத்திகரிக்காத சர்க்கரை வகைகளைச் சுவைக்கத் தருவார்கள். வெளிர்நிறத்தில் தொடங்கிக் கருநிறத்தில் முடியுங்கள், இடையிடையே தண்ணீர் குடியுங்கள். தலைகீழாகத் தொடங்கினால் கருஞ்சர்க்கரையின் பாகு நாக்கில் ஒட்டிக்கொண்டு மற்ற எதன் சுவையும் தெரியாமல் போகும். கடைசித் தட்டில் இருப்பதை வாயில் போட்டதும் கருப்பட்டிக் காப்பி நினைவு வராத தமிழர் அரிது. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களே அறிவார்கள்.

துயரத்தின் இடங்கள்

எல்லா விசித்திரமும் வேடிக்கை அன்று. டர்பன் அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மி ஒன்றும் இருக்கிறது. அது ஒரு மனிதரின் உடல் என்பதைக் குழந்தைகளுக்கு வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே அழைத்துப் போங்கள். போர்ட் லூயிஸின் ஆப்ரவாசி காட், 1834 முதல் வந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிப் பதிவுசெய்த இடத்தின் எச்சம். 2006இல் உலக மரபுச் சின்னமானது. அங்கே பார்க்க வேண்டிய பொருள் பதினாறு கற்படிகள். வந்தவர்கள் ஏறிய படிகள் அவை. அங்கே நின்று அழுகிறவர்களையும் காண்பீர்கள். அந்த நேரத்தில் செல்பியைத் தவிர்த்துவிடுங்கள்.

முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. குடியேறியோரின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊர்ப்பெயர் மட்டும் போதாது. குடியேற்ற எண், கப்பலின் பெயர், வந்த ஆண்டு ஆகியவற்றில் ஒன்றையாவது வீட்டுப் பழைய தாள்களில் தேடி எடுத்துக்கொண்டு போனால் வேலை எளிதாகும். பெயர்களைப் பிரெஞ்சு, ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால், ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டில் தேடத் தயாராக இருங்கள்.

முதல் நாளுக்கு ஒரு திட்டம்

வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலையில் முதலில் கம்பெனித் தோட்டத்தை ஒட்டியிருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் டோடோவைப் பாருங்கள். முக்கால் மணி போதும். அங்கிருந்து கோடானுக்கு நடந்தே போகலாம். 11:15க்குள் ப்ளூ பென்னிக்குள் நுழைந்து, கீழே கண்டதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, 11:25க்குத் தபால்தலை அறையில் நில்லுங்கள். விளக்கு அணைந்த பிறகு நிலப்படங்களையும் சிலைகளையும் பொறுமையாகப் பாருங்கள். அடுத்து மத்தியச் சந்தைக்கு நடந்து, பருப்புப் பூரியை நின்றுகொண்டே சாப்பிடுங்கள். ஒரு சோடியாகத்தான் தருவார்கள், மிளகாய் வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்து வடக்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆப்ரவாசி காட். வெயில் கடுமையாக இருக்கும். குடை கொண்டுபோங்கள், தண்ணீரும்.